பிஷப் கிடந்த பாறை

எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனால் முதலில் சர்ச் மணி அடிக்கும். பிறகு ஃப்ரீசர் பெட்டிக்காரருக்குப் போன் போகும். அதற்கு அடுத்த போன் எனக்கு. சில வீடுகளில் பெட்டிக்கு முன்பே என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். போனில் அந்த வீட்டு எண்ணைப் பார்த்ததும் எனக்குத் துக்கத்துக்கு முன்னால் அலுப்புதான் வரும். இதை வெளியே சொல்ல முடியாது, இங்கே எழுதலாம்.

நான் டாக்டரும் இல்லை, போதகரும் இல்லை. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்றவன். அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் தனியாக இருக்கிறேன். எங்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது சவப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை மைக்கில் வாசிப்பார்கள். இன்னாருக்கு மகனாகப் பிறந்தார், இன்ன போதகரிடம் ஞானஸ்நானம் பெற்றார், இங்கே படித்தார், அங்கே வேலை பார்த்தார், இன்னாரைக் கைப்பிடித்தார், மூத்த மகன் குவைத்தில், இளைய மகள் பெங்களூரில், கடைசியாக நோய், அந்த நோயைப் பொறுமையோடு சகித்தது, பிறகு கர்த்தருக்குள் இளைப்பாறுதல். எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் வரும். அந்த இரண்டு பக்கத்தை எழுதுவதும் பெரும்பாலும் வாசிப்பதும் பல வருஷங்களாக என் தலையில் விழுந்த வேலை.

அது என் தலையில் விழக் காரணம் ஒரு பிஷப். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் கடல் கடந்து வந்த ஓர் ஆங்கிலிக்கன் பிஷப்பின் வாழ்க்கையை ஆராய்ந்துதான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். இளமையின் நல்ல பகுதி அதில் போயிற்று. அந்த ஆராய்ச்சியைப் படித்தவர்கள் நானும், என் வழிகாட்டிப் பேராசிரியரும், தட்டச்சு செய்த பெண்ணும்தான். ஆனால் ஊரில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. "பிஷப்புக்கச் சரித்திரமே எழுதின ஆளு, நம்ம அப்பனுக்கு ரெண்டு பக்கம் எழுத மாட்டாரா" என்று யாரோ ஒருவர் ஆரம்பித்து வைத்தார். அன்றிலிருந்து எனக்குப் பிஷப் சார் என்று பெயர். ஒருமுறை கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்திருந்தவன், "நம்ம பிஷப் சார் வந்திருக்காவ" என்று அறிவித்துவிட்டான். பாதிக் கூட்டம் எழுந்து நின்று ஊதா அங்கியைத் தேடியது. நான் பாயசக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் முன்னோர்களின் மிஷனில் பிஷப் என்ற பதவியே கிடையாது. பிஷப் வேண்டாம், அங்கி வேண்டாம், அச்சடித்த ஜெபப் புத்தகம் வேண்டாம் என்று இருந்த கூட்டம் எங்களுடையது. மலைக்கு அந்தப் பக்கம், கிழக்கே, ஆங்கிலிக்கன்கள். பிற்பாடு சபைகள் ஒன்றாக இணைந்தபோதுதான் எங்களுக்கும் பிஷப் வந்தார். ஆகவே நான் வாழ்நாளெல்லாம் சுமந்தது எங்கள் ஆளைக்கூட அல்ல. இதை என் அக்கா அடிக்கடி சொல்லிக் காட்டுவாள். "நமக்கு அவரு ஒரு பந்தமும் இல்ல. வழியில போனவரப் பிடிச்சு வீட்டுக்குள்ள இருத்திட்ட" என்பாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, மிஷனரிகளை நினைக்கும் ஞாயிற்றுக்கிழமையில், பிஷப்பைப் பற்றிப் பேச என்னை அழைப்பார்கள். முக்கால் மணி நேரம் பேசுவேன். பிஷப் ஒரு குளிர்ந்த துறைமுக ஊரில், படகுகளைப் பழுதுபார்க்கும் தச்சரின் மகனாகப் பிறந்ததில் தொடங்குவேன். தருமப் பணத்தில் படித்தார். கப்பலில் பல மாதங்கள் வந்தபோது ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டே தமிழ் கற்றார். கரையிறங்கி அவர் பேசிய தமிழ் ஒருவருக்கும் புரியவில்லை. அந்த அவமானத்தில் ஒரு முன்ஷியை, தமிழ் வாத்தியாரை, வைத்து முதலிலிருந்து படித்தார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். போகிற இடமெல்லாம் மீனுக்கு, மரத்துக்கு, ஏர் கலப்பையின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் கேட்டு எழுதினார். அப்படித்தான் பெரிய சொல்தொகுதி ஒன்றும், ஓர் இலக்கணமும் வந்தன. இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலில் புதைத்தார். தலை நரைத்த பிறகு பிஷப் ஆனார். ஆனதும் மறுபடி ஊர் ஊராகப் போய், வரிசையில் முழந்தாள்படியிட்ட ஆயிரக்கணக்கான தலைகளில் கைவைத்து, சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் கொடுத்தார். நாள் முழுக்கக் கைவைத்துக் கைவைத்து மாலையில் தோள் வீங்கிவிடும். இதையெல்லாம் நான் ஒரே சுருதியில் சொல்வேன். எனக்கு ஏற்ற இறக்கம் வராது. கப்பல் கரை சேர்வதற்குள் பாதி சபை தூங்கிவிடும்.

முதலில் தூங்குவது அக்காதான். ஒவ்வொரு வருஷமும் முன்னால் வந்து உட்காருவாள். கப்பல் கிளம்பியதும் தலை சாய்ந்துவிடும். "ஒனக்க பேச்சு எனக்குக் கொள்ளாம் மக்கா. நல்ல ஒறக்கம் வருகு" என்பாள். அதை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். வேறு யாரும் என் பேச்சைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை.

அந்தப் பேச்சில் நான் சொல்லாத இடம் ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்காக அலைந்த காலத்தில், பிஷப் தன் கடைசிக் காலத்தில் மலை தாண்டி எங்கள் பக்கம் வந்து தங்கினார் என்று அறிந்து, குலசேகரத்துக்கு அப்பால் அந்த இடத்தைத் தேடிப் போனேன். அந்தக் காலத்தில் அங்கே காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் இருந்தன. இப்போது எல்லாம் ரப்பர். பஸ்ஸில் கண்டக்டரிடம் பழைய பிஷப் பங்களா எங்கே என்று கேட்டேன்.

"பங்களா ஒண்ணும் இல்ல சாரே. பிஷப்பு கெடந்த பாறன்னு ஒரு ஸ்டாப்பு உண்டு. எறங்குதியளா?"

இறங்கினேன். ரோட்டோரத்தில் ஒரு சாயாக்கடை. பின்னால் ரப்பர் மரங்களுக்கு இடையில் அகலமான ஒரு பாறை, ஓர் ஆள் தாராளமாக நீட்டிப் படுக்கலாம். சாயாக்கடைக்காரரிடம் பெயர்க்காரணம் கேட்டேன்.

"ஒரு வெள்ளக்காரப் பிஷப்பு இங்க வந்து கெடந்தாராம். காலம்பற வந்து கெடப்பாரு, பொழுதடைய எழும்பிப் போவாரு. மாசக்கணக்கா இதுதான் வேல."

"என்னத்துக்குக் கெடந்தாரு?"

"மடுத்துப்போச்சு. கெடந்தாரு. அல்லாம என்னத்துக்கு?"

மடுத்துப்போவது என்றால் எங்கள் பக்கத்தில் அலுத்து, சலித்து, இனி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது என்று ஆகிவிடுவது. பிஷப்பின் வரலாற்றை அவருடைய மருமகனார் ஏற்கெனவே அச்சில் எழுதியிருக்கிறார். அதில் அந்தக் காலம் முழுவதும் அவர் மலையடிவாரத்தில் ஆழ்ந்த ஆராய்ச்சியில் மூழ்கியிருந்ததாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அவர் ஒரு பக்கம்கூட எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் எழுதியது எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கியவன் நான். சாயாக்கடைக்காரர் சொன்னதுதான் சரி. அன்று நானும் அந்தப் பாறையில் கொஞ்ச நேரம் கிடந்தேன். எத்தனையோ வருஷம் தேடியும் பிடிபடாத பிஷப் அன்று எனக்குப் பிடிபட்டார். அவர்மேல் முதல்முறையாக அன்பு வந்தது.

அதை ஓர் அத்தியாயமாக எழுதிக் கொண்டுபோனேன். வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டு பக்கம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு பெரிய மனுசன் பாறையில கெடந்தாருன்னு எழுதினா ஒனக்கு எவன் டிகிரி தருவான்? எடுத்துரு."

எடுக்கவைத்தார். பட்டமும் கிடைத்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பெரிய மனிதர்கள் சாகலாம், களைக்கக் கூடாது போலிருக்கிறது.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். மின்வாரியத்தில் இருந்தார். கம்பத்தில் ஏறுகிறவரல்ல, ஏறச் சொல்லிக் கீழே நின்று சத்தம் போடுகிறவர். ஓய்வுபெற்று இரண்டாவது வருஷம் பக்கவாதம் வந்து விழுந்தார். ஒரு பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. எட்டு ஒன்பது வருஷம் படுக்கை. அக்காதான் பார்த்தாள். ஒரே மகன் மஸ்கட்டில். அவன் ஹோம் நர்ஸ் வைத்தான். ஒருத்தி வருவாள், ஒரு மாதம் இருப்பாள், அத்தான் பேச முடியாவிட்டாலும் கையால் தட்டிவிடுவதைத் தாங்காமல் போய்விடுவாள். காலையில் நான் போய் அவரைத் தூக்கி உட்காரவைக்க உதவுவேன். மீதி நேரமெல்லாம் அக்கா. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஆகவே இத்தனை வருஷத்தில் அவள் ஒரு முழு இரவு தூங்கியதில்லை. என் வருடாந்தரப் பேச்சுக்கும் அவளால் வர முடியாமல் போயிற்று.

சாப்பிட்டது திரும்பி வராமல் இருக்கக் கட்டிலின் தலைப்பக்கம் உயரமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் இருந்த என் ஆராய்ச்சி, கெட்டி அட்டை போட்ட இரண்டு பாகங்கள், கண்ணில் பட்டன. கட்டிலின் தலைப்பக்க இரண்டு காலுக்கும் ஒவ்வொன்று. அளவு அச்சாக அமைந்துவிட்டது. நான் செய்த ஆராய்ச்சி உருப்படியாக ஒருவருக்குப் பயன்பட்டது அங்கேதான்.

பார்க்க வருகிறவர்களிடம் அக்கா சிரித்துக்கொண்டே பேசுவாள். சாயா போட்டுக் கொடுப்பாள். வந்தவர்கள் போகும்போது, "இப்பிடி ஒரு பொஞ்சாதி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு அவள் கிளாஸ்களைக் கழுவுவாள்.

அத்தான் போன பங்குனியில் ஒரு மதியம் இறந்தார். மணி அடித்தது, பெட்டி வந்தது, எனக்கு யாரும் போன் செய்யத் தேவையில்லாமல் போயிற்று. மகன் மறுநாள் காலையில் திருவனந்தபுரத்தில் இறங்க வேண்டும். அதுவரை பெட்டி ஹாலில் முனகிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். அக்காவைப் பிடித்து அழுதார்கள், அவள் அவர்களைத் தட்டிக்கொடுத்தாள்.

சாயங்காலம் அடுக்களையில் நான் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வந்து கதவைப் பாதி சாத்தினாள்.

"மக்கா, அத்தானுக்கக் குறிப்ப நீதான எழுதுவ?"

"நான்தான் எழுதணும்."

"அதுல என்னப் பத்தி வருமா?"

"வரும். பொஞ்சாதி எப்பிடிப் பாத்தாவன்னு ஒரு வரி உண்டு."

"அந்த வரியில நீ என்ன எழுதுவன்னு எனக்குத் தெரியும். எல்லாருக்கும் அதத்தான எழுதுக. மகிழ்ச்சியோட பணிவிடை செஞ்சாருன்னு."

அவள் சொன்னது உண்மை. குறிப்பில் மனைவிமார் எல்லோரும் மகிழ்ச்சியோடுதான் பணிவிடை செய்வார்கள்.

"எனக்கு அப்பிடி எழுதப்பிடாது," என்றாள். "மடுத்துப்போச்சுன்னு எழுது."

நான் அவளைப் பார்த்தேன். பிஷப்பின் பாறையைப் பற்றி அவளிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். சொன்னதில்லை.

"அவரத் தள்ளிப்போட்டுட்டு நான் எங்கயும் ஓடல்ல. கடசி மட்டும் பாத்தேன். ஆனா மடுத்துப்போச்சு. ரெண்டும் உள்ளதுதான? ரெண்டையும் எழுது. சர்ச்சுல எல்லாரும் கேக்கணும். நான் சிரிச்சதுதான் அவியளுக்குத் தெரியும். செரி, சிரிச்சேன். நாளைக்கு அவரக் கொண்டு வச்சாச்சுன்னா பிறகு எவன் கேப்பான்?"

அவள் குரல் ஏறவில்லை. அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் அவள் என்னிடம் ஒன்று கேட்டது என் நினைவில் அதுதான் முதல் தடவை. சிறுவயதில் தன் பங்கு மீனை என் தட்டில் போட்டவள் அவள். எழுதுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து அப்படியே எழுதினேன்.

மறுநாள் காலையில் மகன் வந்தான். அப்பாவின் பெட்டிமேல் தலைவைத்து அழுதான், அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான். பிறகு குளித்துவிட்டு, குறிப்பைப் பார்க்க வேண்டும் என்றான். வாசித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முற்றத்துக்குக் கூட்டிப் போனான்.

"மாமா, இது வேண்டாம்."

"ஒங்கம்மா சொல்லித்தான் எழுதினேன்."

"அம்மை இப்பொ எந்த நெலமையில இருக்கா. சொல்லுகத எல்லாம் எழுதப்பிடாது மாமா. இத வாசிச்சா ஆளுவ என்ன சொல்லுவாவ? மவன் மஸ்கட்டுல போயி சொகமா இருந்துட்டு அம்மையக் கெடந்து உழைக்க விட்டுட்டான்னுல்லா சொல்லுவாவ."

அவன் சொன்னதும் நியாயம்தான். அப்படிச் சொல்லக்கூடிய வாய்கள் எவை எவை என்று எனக்கே தெரியும், சர்ச்சில் எந்தப் பெஞ்சில் உட்காருவார்கள் என்பதும் தெரியும். அவன் முகத்தில் விமானத்தில் தூங்காத களைப்பு இருந்தது. ஒவ்வொரு லீவிலும் வந்து இறங்கிய முதல் இரவே அப்பாவைப் புரட்டிப் போடும் வேலையை எடுத்துக்கொண்டவன் அவன்.

"மகிழ்ச்சியோடன்னு போட்டிருவோம் மாமா. எல்லாரும் போடுகதுதான."

அவனே போனில் திருத்தி, அருமனையில் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். பழையதை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் அவள் பெற்ற பிள்ளை. இந்த வயதில் இதெல்லாம் என்னிடம் ஏன் வருகிறது என்றுதான் தோன்றியது.

மூன்று மணிக்கு சர்ச்சில் ஆராதனை. வெயில் இறங்கவில்லை. மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. பெட்டி முன்னால். முதல் பெஞ்சில் அக்கா, வெள்ளைப் புடவை, பக்கத்தில் மகன். பாட்டு, ஜெபம், வேதபாடம் எல்லாம் முடிந்து போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மைக் முன்னால் போய் நின்றேன்.

பிறப்பு வாசித்தேன். ஞானஸ்நானம், படிப்பு, மின்வாரியம். கம்பத்துக்குக் கீழே நின்று சத்தம் போட்டதைக் கடமை உணர்வு என்று எழுதியிருந்தேன். பின்பெஞ்சில் அவரோடு வேலை பார்த்தவர்கள் குனிந்துகொண்டார்கள். கல்யாணம், மகன், பக்கவாதம். அந்த வரி வந்தது. பிரிண்ட் எடுத்த தாளில் மகிழ்ச்சி என்ற வார்த்தையைப் பார்த்தேன். எனக்கு அந்த வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றியது ஞாபகம் வந்தது. இன்னொரு முறை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. சட்டைப் பையிலிருந்த தாளை எடுக்கவும் தேவையிருக்கவில்லை. அந்த வரி எனக்கு மனப்பாடம்.

"அவர் படுக்கையில் இருந்த இத்தனை வருஷமும் அவருடைய மனைவி அவரைக் கைவிடாமல் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து அவர்களுக்கு மடுத்துப்போயிற்று. ஆனாலும் கடைசிவரை பார்த்தார்கள்."

அக்கா மகனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள், அவளுக்கு அப்பால் இன்னொருத்தி. இரண்டு பேர் வீட்டிலும் படுக்கையில் ஆள் இருந்தது எனக்குத் தெரியும். நான் மெதுவாக அக்காவைப் பார்த்தேன்.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடி ஜெபிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை மகனின் தோளில் சரிந்திருந்தது. எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. என் குரல் மைக்கில் கேட்கத் தொடங்கியதுமே தூங்கியிருக்க வேண்டும், எத்தனையோ வருஷத்துப் பழக்கம். நிறைய வருஷங்களாக நான் பார்க்காத தூக்கம் அது.

போதகர் பாட்டுப் புத்தகத்தோடு எழுந்தார். அடுத்து பாட்டு. சபை முழுக்க எழுந்து நிற்கும், கீபோர்டு தொடங்கும், மகன் எழும்புவான், அக்காவின் தலைக்குக் கீழே தோள் இருக்காது. எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வேளையில் இன்னொருவரையும் நாம் நினைக்க வேண்டியிருக்கிறது. அவர் ஒரு குளிர்ந்த துறைமுக ஊரில், ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார்."

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிஷப் சாருக்கு அடக்க ஆராதனையில்கூட அடங்காது என்று முகங்களில் எழுதியிருந்தது. நான் பிஷப்பைக் கப்பலில் ஏற்றினேன். போதகர் என் பக்கத்தில் வந்து காதோடு, "சார், கல்லறைத் தோட்டத்துல ஆளு காத்து நிக்கு" என்றார். நான் பேச்சை நிறுத்தாமல் கண்ணால் முதல் பெஞ்சைக் காட்டினேன். அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டார். அந்த இளம் போதகரிடம் எனக்கு அதுவரை பெரிய மதிப்பு இல்லை. அன்று வந்தது.

கப்பலை நான் அவசரப்படுத்தவில்லை. வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன். முன்ஷியிடம் படித்ததை முழுக்கச் சொன்னேன். மீன்களின் பெயர்கள், மரங்களின் பெயர்கள் எல்லாம் சொன்னேன். குழந்தைகள் அழுதன, அம்மாமார் வெளியே கொண்டுபோனார்கள். அக்கா மகனின் முகத்தை இப்போதுதான் பார்த்தேன். என்மேல் கோபம் இருந்தது. ஆனால் அவன் அசையவில்லை. தோளில் கனம் ஏறியதும் மறுகையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தலை வழுக்காதபடி கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தான். வேர்வை அவன் நெற்றியிலிருந்து கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

திடப்படுத்தலுக்கு வந்தேன். நாள் முழுக்கத் தலைகளில் கைவைத்துத் தோள் வீங்கியதைச் சொன்னேன். வழக்கமாக இங்கிருந்து நேரே மரணத்துக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை.

"அதற்குப் பிறகு அவர் மலை தாண்டி நம் பக்கம் வந்தார். குலசேகரத்துக்கு அப்பால் ஒரு பாறை இருக்கிறது. அதில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தார். ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. ஜெபம் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு மடுத்துப்போயிற்று. அதனால் கிடந்தார். அங்குள்ளவர்கள் அவரை எழுப்பவில்லை."

இதுதான் என் ஆராய்ச்சியில் இருந்து எடுக்கப்பட்ட அத்தியாயம். எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு சவப்பெட்டிக்கு முன்னால், ஏழெட்டு வரியில் அதைச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் எனக்கும் முடியவில்லை. கால் கடுத்தது. மைக்கை விட்டேன்.

பேச்சு நின்றதும் அக்கா விழித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்து, பெட்டியைப் பார்த்து, ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பார்த்தாள். மகன் அவள் முந்தானையைச் சரிசெய்து எழுப்பி நிறுத்தினான். போதகர் பாட்டைத் தொடங்கினார்.

அத்தானை அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது சிலர் என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. மனைவி தூங்கினதும் பேச்சாயிற்று, பிஷப் வந்ததும் பேச்சாயிற்று. மகனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகனும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரத்தில் கிடந்த அத்தானின் கட்டிலைக் காட்டி அக்கா, "நான் இதுல கெடக்கேன். இங்கதான் காத்து வரும்" என்றாள். தலைப்பக்கம் தூக்கலாக இருந்தது. மகன் வந்து கட்டிலைத் தூக்கிப் பிடித்தான்.

"மாமா, அத எடுங்க," என்றான்.

நான் குனிந்து இரண்டு பாகத்தையும் உருவி எடுத்தேன். அட்டையில் கட்டில் கால் வட்டமாக அழுந்தியிருந்தது. மகன் கட்டிலை மெதுவாக இறக்கினான். தலையும் காலும் ஒரே மட்டத்துக்கு வந்தன. அக்கா அதில் நீட்டிப் படுத்தாள். நான் புத்தகங்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"மக்கா," என்றாள், கண்ணைத் திறக்காமல். "வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"நான் சொன்ன வாக்கத்தானா?"

"அதத்தான்."

"எல்லாரும் கேட்டாவளா?"

"எல்லாரும் கேட்டாவ. நீ ஒருத்திதான் கேக்கல்ல."

"நான் என்னத்துக்குக் கேக்கணும்," என்றாள். "எனக்குத் தெரிஞ்ச காரியம்தான."

பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். மகன் விளக்கைப் போடாமல் கதவைச் சாத்தினான்.